மலைப்பாதை வண்டிக்கு மீட்டர் லைட்: பல்பை எல்இடியாக மாற்ற முழுமையான வழிகாட்டி

மேட்டுப்பாளையத்தில் இரவு எட்டு மணிக்குக் கிளம்பினால் கல்லார் வரை கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டே வரலாம். பர்லியாரைத் தாண்டும்போது குளிர் உள்ளே வரும். மரப்பாலம், காட்டேரி என்று ஏற ஏற, வடகிழக்குப் பருவமழைக் காலமாக இருந்தால் மிஸ்ட் ரோட்டை அப்படியே மூடிவிடும். அப்படி ஒரு நவம்பர் இரவில்தான், என் பழைய மாருதி 800-இன் மீட்டர் போர்டில் (ஸ்டீயரிங்குக்கு எதிரே வேகமும் டெம்பரேச்சரும் காட்டும் பலகையில்) நான் போட்டிருந்த எல்இடி எவ்வளவு தப்பானது என்று தெரிந்தது.

கடையில் இருந்ததிலேயே அதிக வெளிச்சம் தரும் வெள்ளை எல்இடியை அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் போட்டிருந்தேன். வீட்டு வாசலில் பார்த்தபோது பளிச்சென்று இருந்தது. மிஸ்ட்டுக்குள் ஹெட்லைட்டை டிம்மில் வைத்து இரண்டாவது கியரில் ஏறிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இருந்த மனைவி, "என்னங்க, கண்ணாடியில நீலமா என்னமோ தெரியுது பாருங்க" என்றாள். முன் கண்ணாடியின் கீழ்ப் பாதி முழுக்க நீலம் பாய்ந்த வெளிச்சப் படலம். ரோட்டோர வெள்ளைக் கோடு அதற்குப் பின்னால் எங்கேயோ போய்விட்டது. அகலமான இடம் பார்த்து நிறுத்தி, கழுத்தில் இருந்த மப்ளரை எடுத்து மீட்டர் மேல் போர்த்திவிட்டுக் குன்னூர் வந்து சேர்ந்தோம். அதுவரை வேகமும் தெரியவில்லை, டெம்பரேச்சர் முள்ளும் தெரியவில்லை.

அடுத்த வாரமே எல்லாவற்றையும் கழற்றி முதலிலிருந்து செய்தேன். பிறகு சொந்தக்காரர்கள், நண்பர்கள் என்று ஏழெட்டு வண்டிகளுக்குச் செய்து கொடுத்திருக்கிறேன். மலையில் ஓட்டுகிறவருக்கு மீட்டர் லைட் எவ்வளவு மங்கலாக இருந்தும் தெளிவாகப் படிக்க முடிகிறதோ அவ்வளவு நல்லது. இந்த ஒரு அளவுகோலை வைத்துக்கொண்டுதான் கீழே உள்ள எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

மாற்றுவதற்கு முன்

பல்பே நன்றாக எரிந்து, எல்லா இடமும் சமமாகத் தெரிந்தால் அப்படியே விட்டுவிடலாம். மாற்ற நியாயமான காரணங்கள் உண்டு. ஒரு பல்பு போனாலும் மீட்டர் போர்டையே வெளியே எடுக்க வேண்டியிருக்கிறது. பல வருடம் பல்புச் சூடு பட்டு ஹோல்டரைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் பழுப்பாகிவிடுகிறது. பழைய பல்பின் கண்ணாடி உள்ளே கறுத்து வெளிச்சம் பாதியாகிறது. நல்ல எல்இடி இந்த மூன்றுக்கும் பதில் சொல்லும்.

மீட்டரில் ஏற்கெனவே எல்இடி வைத்து வந்த வண்டிகளில், போர்டிலேயே ஈயம் வைத்துப் பற்றவைத்த எஸ்எம்டி எல்இடிகள் இருக்கும். நிறம் பிடிக்கவில்லை என்பதற்காக அதைக் கிளறாதீர்கள். அதைத் தொட நுண்ணிய சால்டரிங் கை வேண்டும்; தப்பினால் மீட்டர் முழுசாகப் போகும். ஸ்டீயரிங்கில் ஏர்பேக் உள்ள வண்டியிலும், வாரண்டி உள்ள வண்டியிலும் வேலை தெரிந்த எலக்ட்ரீஷியனிடமே விடுங்கள். இந்த வழிகாட்டி பழைய மாருதி 800, ஆம்னி, ஜென், ஜிப்சி, ஜீப், அம்பாசடர் போல மீட்டருக்குப் பின்னால் திருகிக் கழற்றும் பல்பு உள்ள வண்டிகளுக்கானது. நீலகிரி எஸ்டேட்டுகளிலும் கிராமங்களிலும் இவை இன்னும் நிறையவே ஓடுகின்றன.

கண்ணுக்கும் நிறத்துக்கும் உள்ள கணக்கு

இருட்டுக்கு முழுசாகப் பழகக் கண்ணுக்கு 20 முதல் 30 நிமிடம் வேண்டும். அந்தப் பழக்கத்தைக் கெடுக்கச் சில விநாடி வெளிச்சம் போதும். இருட்டில் நமக்குப் பார்வை தரும் கண் செல்கள் நீலப்பச்சை வெளிச்சத்துக்குத்தான் அதிகமாகக் கூசும். சிவப்பு அவற்றை அவ்வளவாகத் தொடாது. கடையில் கூல் ஒயிட் என்று தரும் எல்இடியில் நீலம் தூக்கலாக இருக்கும். சமவெளியில் தெருவிளக்கு வெளிச்சத்தில் ஓட்டும்போது இது பெரிதாகத் தெரியாது. காட்டேரி வளைவிலோ, 36 கொண்டை ஊசி வளைவுள்ள கல்லட்டிப் பாதையிலோ சுற்றிலும் ஒரு விளக்கும் கிடையாது. அங்கே மீட்டரின் வெளிச்சமே காருக்குள் பெரிய வெளிச்சம்.

அதனால் மீட்டரின் பொது வெளிச்சத்துக்கு வார்ம் ஒயிட் அல்லது ஆம்பர் எடுங்கள். வார்ம் ஒயிட்டில் எண்களும் முள்ளும் பழைய பல்பில் இருந்தது போலவே தெரியும். ஆம்பர் இன்னும் இதமானது. ஆனால் டயலில் பச்சை, நீலக் கோடுகள் இருந்தால் அவை மங்கிப்போகும். நீல எல்இடி வேண்டவே வேண்டாம். உங்கள் மீட்டர் முள் சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ இருந்தால் நீல வெளிச்சத்தில் அது கறுத்துப்போகும். டயல் எரியும், முள் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். மேட்டுப்பாளையத்தின் 300 மீட்டர் சொச்சத்திலிருந்து ஊட்டியின் 2,240 மீட்டருக்கு ஏறும் ரோட்டில் டெம்பரேச்சர் முள் ஒரு பார்வையில் தெரிந்தாக வேண்டும்.

சில டயல்களுக்குப் பின்னால் பச்சை பிலிம் இருக்கும். சில பல்புகளின் தலையில் பச்சை அல்லது நீல ரப்பர் தொப்பி மாட்டியிருக்கும். பல்பின் மஞ்சளை வடிகட்டி நிறம் தருவதற்காக வைத்தவை அவை. தொப்பியைக் கழற்றிவிடலாம். பிலிமைத் தொடாமல், அதே நிற எல்இடியோ வார்ம் ஒயிட்டோ போட்டுப் பாருங்கள்.

எச்சரிக்கை விளக்குகளின் கணக்கு வேறு. எண்ணெய் அழுத்தம், ஹேண்ட்பிரேக், பிரேக் ஆயில் ஆகிய சிவப்பு விளக்குகளுக்குப் பின்னால் வெள்ளை எல்இடி வைத்தால் சிவப்பு வெளிறி ரோஸாகத் தெரியும். சிவப்பு மூடிக்குப் பின்னால் சிவப்பு எல்இடி, பச்சை அம்புக்குறிக்குப் பின்னால் பச்சை, ஹைபீம் நீலத்துக்குப் பின்னால் நீலம். ஹைபீம் விளக்குக்கு மட்டும், இருப்பதிலேயே மங்கலான நீலமாகப் பாருங்கள்.

பல்பை அடையாளம் காண்பது

முதலில் வாங்கிவிட்டுப் பிறகு கழற்றாதீர்கள். ஒரே கம்பெனியின் ஒரே மாடலிலேயே வருடத்துக்கு வருடம் பல்பு மாறும். கழற்றிப் பார்த்து, ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைக்குப் போங்கள்.

பெரும்பாலும் இரண்டு அளவு வரும். கண்ணாடி 10 மில்லிமீட்டர் பருமன் உள்ள, அடிப்பக்கம் தட்டையான பல்பு டி10. பார்க்கிங் லைட்டிலும் நம்பர் பிளேட் லைட்டிலும் இருப்பது பல வண்டிகளில் இதேதான். 5 மில்லிமீட்டர் பருமன் உள்ள குட்டிப் பல்பு டி5. எச்சரிக்கை விளக்குகளுக்குப் பெரும்பாலும் இதுதான். இரண்டுக்கும் தனியாக ஒரு பிளாஸ்டிக் ஹோல்டர், அதைக் கால் சுற்றுத் திருகினால் வெளியே வரும். பல்பும் ஹோல்டரும் ஒட்டியே வரும் சின்ன வகையும் உண்டு. ஹீட்டர் சுவிட்ச், கடிகாரம் போன்ற இடங்களில் அது இருக்கும். அம்பாசடர், ஜீப் போன்ற பழைய வண்டிகளில் பித்தளை அடி உள்ள, குத்தித் திருகும் பல்பைப் பார்க்கலாம். அதற்கும் எல்இடி கிடைக்கிறது.

அளவோடு நீளத்தையும் பாருங்கள். எல்இடி பல்பைவிட நீளமாக இருந்தால் டயலின் பின்பக்கத்தை முட்டும். குறைந்தது 2 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும்.

வாங்கும்போது

பல்பின் இழை எல்லாப் பக்கமும் வெளிச்சம் வீசும். மீட்டருக்குள் இருக்கும் வெள்ளைக் கிண்ணமும், வெளிச்சத்தைக் கடத்தும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கும் அதற்கு ஏற்றபடி செய்தவை. நுனியில் மட்டும் எரியும் எல்இடியை அங்கே வைத்தால் ஹோல்டருக்கு நேர் எதிரே ஒரு வெள்ளைப் பொட்டு விழும், மற்ற இடம் இருட்டாக இருக்கும். சுற்றிலும் நான்கு பக்கமும் ஒன்று, தலையில் ஒன்று என்று சில்லு (வெளிச்சம் தரும் சின்னப் புள்ளி) வைத்த டி10 வாங்குங்கள். வட்ட முனை உள்ள எல்இடிதான் கிடைத்தது என்றால், அதன் முனையை 600 நம்பர் உப்புத்தாளில் மெதுவாகத் தேய்த்து மூடுபனி போல ஆக்கிக்கொள்ளுங்கள். வெளிச்சம் பரவும், உச்சமும் குறையும்.

எவ்வளவு வெளிச்சம் என்று டப்பாவில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். 20 சில்லு, 30 சில்லு வைத்ததெல்லாம் பார்க்கிங் லைட்டுக்கு. மீட்டருக்கு நான்கைந்து சில்லு உள்ளதே தாராளம். இரண்டு காலையும் எந்தப் பக்கம் திருப்பி மாட்டினாலும் எரியும் வகை கிடைத்தால் நான்கைந்து ரூபாய் கூடினாலும் அதையே எடுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

ஒரு சின்ன விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. சில எல்இடிகளுக்குள் கரண்டைச் சீராக வைக்கும் ஐசி என்ற குட்டி எலக்ட்ரானிக் பாகம் இருக்கும்; சிலவற்றில் கரண்டை மட்டுப்படுத்தும் வெறும் ரெசிஸ்டர்தான் இருக்கும். ஹெட்லைட் போன்ற இடங்களுக்கு ஐசி உள்ளது நல்லது. மீட்டருக்கு ரெசிஸ்டர் உள்ளதே நல்லது, ஏனென்றால் அதைத்தான் வோல்டேஜைக் குறைத்து மங்க வைக்க முடியும். ஐசி உள்ளது குறையாமல் பிடிவாதமாக எரிந்துகொண்டே இருந்து ஒரு கட்டத்தில் பட்டென்று அணைந்துவிடும்.

நீங்களே செய்வதானால் கணக்கு எளிது. இன்ஜின் ஓடும்போது வண்டியில் 14.4 வோல்ட் வரை வரும். வெள்ளை எல்இடி ஒன்று 3.2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மீதி 11.2 வோல்ட்டை ரெசிஸ்டர் தாங்க வேண்டும். 1 கிலோ ஓம் போட்டால் 11 மில்லியாம்ப் ஓடும். மீட்டருக்கு இது போதும், கால் வாட் ரெசிஸ்டரே தாங்கும். சிவப்பு எல்இடி 2 வோல்ட்தான் எடுக்கும். அதற்கும் 1 கிலோ ஓம் சரி.

கழற்றுவது

நாள் பார்த்துச் செய்யுங்கள். மழைக்காலத்தில் மீட்டரைத் திறந்தால் ஈரக்காற்று உள்ளே போய், மூடிய பிறகு கண்ணாடியின் உள்பக்கம் வியர்த்து நிற்கும். பிப்ரவரி, மார்ச் மாத வெயில் நாள் சரியானது. டிசம்பர், ஜனவரி காலையில் ஊட்டி, தலைகுந்தா பக்கம் புல் மேல் உறைபனி படிந்திருக்கும் நேரத்தில் பிளாஸ்டிக் கிளிப்பைத் தொடவே கூடாது. குளிரில் இறுகிப்போன பழைய பிளாஸ்டிக் விரல் அழுத்தத்துக்கே முறியும். வண்டியை ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்திவிட்டு ஆரம்பியுங்கள்.

தேவையான சாமான்: 10 நம்பர் ஸ்பேனர், நீளமான ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், குட்டையான ஒன்று, மல்டிமீட்டர், பழைய டூத்பிரஷ், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், பென்சில் அழிக்கும் ரப்பர், பருத்தித் துணி, ஒரு முட்டை அட்டை. முட்டை அட்டை ஸ்க்ரூக்களுக்கு. கழற்றிய வரிசையில் ஒவ்வொரு குழியிலும் போட்டு வைத்தால் திரும்ப மாட்டும்போது எது எந்த இடத்து ஸ்க்ரூ என்று குழப்பம் வராது. சில இடங்களில் நீள ஸ்க்ரூ போனால் பிளாஸ்டிக்கைத் துளைத்துவிடும்.

முதல் வேலை, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி ஓரமாக ஒதுக்குவது. அடுத்து மீட்டரைச் சுற்றியுள்ள மூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். மேல்பக்கம் குனிந்து பார்த்தால்தான் தெரியும் இடத்தில் இரண்டு இருக்கும். அவற்றைக் கவனிக்காமல் இழுப்பதால்தான் மூடி விரிகிறது. மூடி வந்ததும் மீட்டரைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்கள் தெரியும். அவற்றையும் எடுத்துவிட்டு மீட்டரை உங்கள் பக்கமாக இரண்டு மூன்று அங்குலம் மட்டும் இழுங்கள்.

அதற்கு மேல் வராது, ஸ்பீடோமீட்டர் கேபிள் பிடித்திருக்கும். பின்னால் கையை விட்டு, கேபிள் முனையில் உள்ள பிளாஸ்டிக் நாக்கை அழுத்திக்கொண்டே இழுத்தால் கழன்றுவிடும். சில வண்டிகளில் மரை வைத்துத் திருகியிருக்கும். பிறகு வயர் கப்ளர்கள், அதாவது வயர்களை மீட்டரோடு இணைக்கும் பிளாஸ்டிக் பிளக்குகள். ஒவ்வொன்றையும் கழற்றுமுன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மீட்டரை ஒரு தடித்த துண்டின் மேல் முகம் கீழே வரும்படி வையுங்கள். இப்போது தெரிவது மெல்லிய பிளாஸ்டிக் பிலிமில் ஓடும் செம்புக் கோடுகள். இந்த வேலையில் மிகவும் மென்மையான பாகம் இதுதான். ஹோல்டரைத் திருகும்போது அடியில் உள்ள செம்புத்தகடு பிலிமை உரசிக்கொண்டே சுற்றும். இருபது வருடமாக அசையாத ஹோல்டரை வேகமாகத் திருகினால் செம்புக் கோடு உரிந்து கையோடு வரும். துணியைச் சுற்றிப் பிடித்து, முதலில் ஒரு நூலளவு முன்னும் பின்னும் அசைத்து இளக்கிக்கொண்டு, பிறகு இடப்பக்கமாகக் கால் சுற்று.

எந்தக் காரணம் கொண்டும் டயலின் முள்ளைப் பிடுங்காதீர்கள். திரும்ப மாட்டினால் அது பழைய இடத்தில் உட்காராது. வேகமும் டெம்பரேச்சரும் தப்பாகக் காட்டும்.

சுத்தம் செய்வது

மலைக்காற்றின் ஈரத்தில் ஹோல்டர் உட்காரும் செம்பு வட்டங்களில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். பல்பு மினுக்மினுக்கென்று எரிவதற்குப் பாதி நேரம் காரணம் இதுதான். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த டூத்பிரஷால் துடைத்து, உலர்ந்ததும் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்தால் செம்பு பளபளக்கும். உப்புத்தாள் போடக்கூடாது, அந்தச் செம்பு அவ்வளவு மெல்லியது. மீட்டரின் முகப்புக் கண்ணாடியை ஈரப் பருத்தித் துணியால் மட்டும் துடையுங்கள். தின்னரோ பெட்ரோலோ பட்டால் பிளாஸ்டிக் வெளுத்துவிடும்.

கோடு ஏற்கெனவே அறுந்திருந்தால், இரு பக்கமும் கொஞ்சம் சுரண்டி ஒற்றை இழைச் செம்புக் கம்பியை வைத்து ஒரே தொடலில் ஈயம் வைத்துவிட வேண்டும். சால்டரிங் அயர்னை இரண்டு விநாடிக்கு மேல் வைத்தால் பிலிம் சுருங்கும்.

மாட்டுவதும் சோதிப்பதும்

பல்பை ஹோல்டரிலிருந்து நேராக இழுத்து எடுத்து, எல்இடியை அதே இடத்தில் அழுத்துங்கள். எல்இடியின் கால்கள் மெல்லியதாக இருந்து ஹோல்டருக்குள் ஆடினால், கால்களை லேசாக வெளிப்பக்கம் மடக்கிவிடுங்கள். எஸ்டேட் ரோட்டுக் குலுக்கலில் ஆடும் எல்இடி நிச்சயம் விட்டு விட்டு எரியும். இரண்டு காலும் ஒரே தகட்டைத் தொடவில்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டால் பியூஸ் போகும்.

எல்லாவற்றையும் மூடிவிட்டுச் சோதிக்காதீர்கள். கப்ளர்களை மட்டும் மாட்டி, மீட்டரைத் துண்டின் மேல் வைத்தபடியே பேட்டரியை இணைத்து பார்க்கிங் லைட்டைப் போடுங்கள். எரியாத எல்இடி இருந்தால் கெட்டுப்போனது என்று நினைக்க வேண்டாம். எல்இடிக்கு ஒரு பக்கம்தான் கரண்ட் ஓடும். ஹோல்டரோடு கழற்றி 180 டிகிரி திருப்பி மாட்டுங்கள், எரியும்.

இண்டிகேட்டர் விளக்கில் ஒரு சிக்கல் வரும். சில பழைய வண்டிகளில் இடத்துக்கும் வலத்துக்கும் சேர்த்து மீட்டரில் ஒரே ஒரு பச்சை விளக்குதான் இருக்கும். இடப்பக்கம் போடும்போது கரண்ட் ஒரு திசையில் ஓடி வலப்பக்கப் பல்புகள் வழியாக எர்த்துக்குப் போகும். வலப்பக்கம் போட்டால் எதிர்த்திசை. சாதாரண எல்இடி அங்கே ஒரு பக்கத்துக்கு மட்டும் மின்னும். இரு பக்கமும் எரியும் எல்இடி வாங்கச் சொன்னது இதற்காகத்தான்.

சார்ஜ் விளக்கைத் தொடாதீர்கள்

பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு மற்றவற்றைப் போல வெறும் விளக்கு இல்லை. சாவியைப் போட்டதும் கரண்ட் இந்தப் பல்பு வழியாகத்தான் ஆல்டர்நேட்டருக்கு (இன்ஜின் சுழலும்போது கரண்ட் தந்து பேட்டரியைச் சார்ஜ் செய்யும் பாகத்துக்கு) போய் அதன் காந்தத்தை உசுப்பிவிடுகிறது. இன்ஜின் ஓட ஆரம்பித்து ஆல்டர்நேட்டர் தானே கரண்ட் தரத் தொடங்கியதும் பல்பின் இரு பக்கமும் ஒரே வோல்டேஜ் வந்து அது அணைகிறது. பல்பில் நூறு மில்லியாம்ப், அதற்கு மேலும் ஓடும். எல்இடியில் பத்து இருபதுதான். அந்தக் கொஞ்சத்தில் பல ஆல்டர்நேட்டர்கள் விழிக்காது. அல்லது நன்றாக ஆக்சிலேட்டர் கொடுத்த பிறகே விழிக்கும்.

இது உடனே தெரியாது என்பதுதான் ஆபத்து. பகலில் குன்னூருக்கும் வெலிங்டனுக்கும் போய்வந்தால் ஒன்றும் ஆகாது. இரவில் ஹெட்லைட், வைப்பர், கண்ணாடி வியர்க்காமல் இருக்க பிளோயர் என்று மூன்றையும் போட்டுக்கொண்டு மலை ஏறினால் பேட்டரி மட்டுமே சுமையைத் தாங்கி, பாதி வழியில் தளர்ந்துவிடும்.

இந்த ஒரு இடத்தில் மட்டும் பழைய அளவிலேயே புதுப் பல்பு போட்டுவிடுங்கள். என் வண்டியில் அப்படித்தான் இருக்கிறது. கட்டாயம் எல்இடிதான் வேண்டும் என்றால் அதற்கு இணையாக 68 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்க்க வேண்டும். அது சூடாகும், பிலிமைத் தொடாத இடமாக வைக்க வேண்டும். ஒரு விளக்குக்காக இவ்வளவு தேவையா என்பது என் எண்ணம்.

எதுவானாலும் முடித்ததும் மல்டிமீட்டரை பேட்டரியில் வைத்துப் பாருங்கள். இன்ஜின் அணைந்திருக்கும்போது 12.5 வோல்ட் சுமார், ஸ்டார்ட் செய்து ஐடிலில் விட்டதும் 13.8 முதல் 14.4 வரை வர வேண்டும். வராவிட்டால் வண்டியை மலையில் இறக்காதீர்கள்.

சாவியை ஆன் செய்து இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் எண்ணெய் விளக்கு, சார்ஜ் விளக்கு இரண்டும் எரிகிறதா, ஹேண்ட்பிரேக் இழுத்தால் அதன் விளக்கு எரிகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பிரேக் ஆயில் டப்பாவின் மூடியில் உள்ள மிதவை வயர் தனியாக இருந்தால் அதையும் சோதியுங்கள். கோத்தகிரிப் பாதையில் இறங்கும்போது அந்த விளக்குதான் உங்களிடம் முதலில் பேசும். அணைந்திருக்க வேண்டிய எல்இடி ஏதாவது மங்கலாக ஒளிர்ந்தால், கசியும் சிறு கரண்ட் அது. எல்இடிக்கு இணையாக 1 கிலோ ஓம், அரை வாட் ரெசிஸ்டர் போட்டால் நின்றுவிடும்.

வெளிச்சத்தைக் குறைக்கும் குமிழ்

பல்புக் காலத்து வண்டிகளில் சிலவற்றில் மீட்டர் வெளிச்சத்தைக் குறைக்க ஒரு குமிழ் இருக்கும். பெரும்பாலும் அது வெறும் கம்பிச் சுருள் ரெசிஸ்டர். எல்இடி போட்ட பிறகு அது வேலை செய்யாது. நான்கு பல்புகள் சேர்ந்து ஒரு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். நடுவில் 5 ஓம் வந்தால் நான்கு வோல்ட்டுக்கு மேல் குறையும், பல்பு மங்கும். நான்கு எல்இடி சேர்ந்து 80 மில்லியாம்ப் இழுத்தால் அதே 5 ஓமில் குறைவது 0.4 வோல்ட்தான். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. பல சின்ன வண்டிகளில் இந்தக் குமிழே கிடையாது.

கடையில் எல்இடி ஸ்டிரிப்புக்கு விற்கும் டிம்மரைப் பலர் வாங்கி மாட்டப் பார்க்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை நெகட்டிவ் பக்கத்தை விட்டு விட்டுக் கொடுக்கும் வகை. மீட்டரின் பிலிமில் நெகட்டிவ் எல்லாவற்றுக்கும் பொது. பெட்ரோல் முள்ளுக்கும் அதே எர்த்தான். அதனால் அந்த டிம்மர் இங்கே பொருந்தாது.

நான் வைத்திருப்பது வோல்டேஜைக் கூட்டிக் குறைத்துத் தரும் எல்எம்317 என்ற மூன்று கால் ஐசி. சென்னை ரிச்சி தெருவிலும், எந்த ஊர் எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடையிலும் கிடைக்கும். பார்க்கிங் சுவிட்சிலிருந்து மீட்டர் லைட்டுக்குப் போகும் பாசிட்டிவ் வயரைக் கண்டுபிடித்து, நடுவில் வெட்டி, சுவிட்ச் பக்கத்தை 1 ஆம்பியர் பியூஸ் வழியாக ஐசியின் இன்புட்டுக்கும், மீட்டர் பக்கத்தை அவுட்புட்டுக்கும் கொடுங்கள். அவுட்புட்டுக்கும் அட்ஜஸ்ட் காலுக்கும் இடையே 240 ஓம். அட்ஜஸ்ட் காலிலிருந்து 1 கிலோ ஓம் ரெசிஸ்டரும், அதைத் தொடர்ந்து 1 கிலோ ஓம் குமிழும் வைத்து எர்த். இன்புட்டுக்கும் எர்த்துக்கும் 0.1 மைக்ரோபேரட் கெபாசிட்டர், அவுட்புட்டில் 1 மைக்ரோபேரட். குமிழைத் திருகினால் 6.5 வோல்ட்டிலிருந்து 11.7 வரை வரும். மீட்டர் எல்இடிக்கு வேண்டிய எல்லை முழுவதும் இதற்குள் அடங்கும்.

ஒரு எச்சரிக்கை. இந்த ஐசியின் முதுகில் உள்ள உலோகத் தகடு அவுட்புட்டோடு சேர்ந்தது. அது வண்டியின் பாடியைத் தொட்டால் ஷார்ட். சிறிய அலுமினியத் துண்டு ஒன்றைத் திருகி, எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து, ஸ்டீயரிங் கம்பியில் சிக்காத இடத்தில் கட்டிவிடுங்கள்.

சால்டரிங் வராதவர்கள் எளிய வழியாக, மீட்டர் லைட்டுக்குப் போகும் பாசிட்டிவில் 100 ஓம், 1 வாட் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராக வைத்துப் பார்க்கலாம். வெளிச்சம் ஒரே அளவில் குறைந்து நிற்கும். இன்னும் அதிகம் என்று பட்டால் 150, 220 என்று மாற்றிப் பாருங்கள்.

இருட்டில் சரிபார்ப்பது

மாட்டிய அன்றைக்கே பகலிலோ, வீட்டு விளக்கு வெளிச்சத்திலோ தீர்ப்புச் சொல்லாதீர்கள். போன் கேமராவையும் நம்ப முடியாது, அது தானே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும். இரவில் தெருவிளக்கு இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்தி, எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கால் மணி நேரம் உட்காருங்கள். பிறகு பார்க்கிங்கைப் போட்டு, தலையை ஓட்டும் நிலையில் வைத்து நேராக வெளியே பாருங்கள். முன் கண்ணாடியிலோ பக்கவாட்டுக் கண்ணாடியிலோ மீட்டரின் ஒளி படிந்தால் அது அதிகம். அது மறையும் வரை குறையுங்கள். அப்போதும் எண்களைப் படிக்க முடிந்தால் அதுதான் உங்கள் அளவு. குமிழின் அந்த இடத்தில் பெயிண்டால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள்.

முதல் ஓட்டம் பழகின ரோட்டிலேயே இருக்கட்டும். வெலிங்டன், அருவங்காடு என்று போய்வந்தால் போதும். ஸ்பீடோ முள் துள்ளினாலோ மீட்டருக்குப் பின்னால் கிர்ரென்று சத்தம் கேட்டாலோ கேபிள் முழுசாக உட்காரவில்லை. திரும்பக் கழற்றி, நாக்கு க்ளிக் என்று பிடிக்கும் வரை அழுத்துங்கள்.

கழற்றிய பல்புகளில் நன்றாக எரியும் டி10 இரண்டு, டி5 இரண்டு எடுத்து, பழைய செய்தித்தாளில் சுற்றி, குட்டை ஸ்க்ரூ டிரைவரோடு டேஷ்போர்டு பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். போன ஆவணியில் கேத்திக்குப் பக்கத்தில் நம்பர் பிளேட் லைட் போனபோது அதில் ஒன்றுதான் கைகொடுத்தது.